ஈயத்தின் அணு எடை: ஒரு மாறிலி மாறிய வரலாறு

ஈயத்தின் அணு எடை 207.2 எனப் பள்ளிப் பாடநூல்களின் தனிம வரிசை அட்டவணையில் அச்சிடப்பட்டுள்ளது. 1914ஆம் ஆண்டில் வியன்னா, ஆர்வர்டு, பாரிஸ், கிளாஸ்கோ ஆகிய நான்கு இடங்களிலும் இருந்த வேதியியலாளர்கள் இந்த எண் எல்லா ஈயத்துக்கும் பொருந்தாது என்று ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டறிந்தனர். கதிரியக்கத் தாதுக்களில் இருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈயம், சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் சாதாரண ஈயத்தை விட எடை குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தது. ஒரு தனிமத்தின் அணு எடை இயற்கையின் மாறிலி என்று ஒரு நூற்றாண்டாக நிலவிய நம்பிக்கை இதனால் உடைந்தது. ஓரிடத்தான்கள் என்ற கருத்துக்குத் தராசு தந்த முதல் சான்றும் இதுவே.

பின்னணி

எல்லா அணு எடைகளும் ஐதரசனின் எடையின் முழு மடங்குகள் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் புரௌட் 1815இல் கூறினார். இது உண்மையா என்று பார்க்கும் ஆவலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் துல்லிய அளவீடுகளுக்குத் தூண்டுதலாக இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் செர்வே ஸ்டாஸ் 1860களில் வெளியிட்ட அளவீடுகள் புரௌட்டின் கருத்தைக் கைவிடச் செய்தன. குளோரின் 35க்கும் 36க்கும் நடுவே பிடிவாதமாக நின்றது. வெள்ளியும் முழு எண்ணுக்கு வரவில்லை. முழு எண்ணாக இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே ஓர் எண் உண்டு என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தியோடோர் வில்லியம் ரிச்சர்ட்ஸ் (1868–1928) தம் வாழ்நாளை இந்த எண்களுக்கே செலவிட்டார். ஏறத்தாழ 25 தனிமங்களின் அணு எடைகளை அவர் மறு அளவீடு செய்தார். ஐரோப்பா முழுவதும் வேதவாக்காக ஏற்றிருந்த ஸ்டாஸின் எண்களில் பிழை இருப்பதைக் காட்டியவரும் அவரே. வெள்ளியின் எடை 107.93இலிருந்து 107.88 ஆகக் குறைக்கப்பட்டது அவருடைய ஆய்வுக்கூடத்தின் வேலையால்தான். மற்ற உலோகங்கள் பெரும்பாலும் வெள்ளியோடு ஒப்பிட்டே அளக்கப்பட்டதால், இந்த 0.05 திருத்தம் அட்டவணை முழுவதையும் அசைத்தது.

ஒரு தனிமம் எங்கிருந்து வந்தாலும் ஒரே எடைதானா என்பதையும் ரிச்சர்ட்ஸ் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். செருமானியச் செம்பையும் சுப்பீரியர் ஏரிக்கரைச் செம்பையும் ஒப்பிட்டனர். அமெரிக்காவின் வெர்மான்ட் பளிங்கிலிருந்து எடுத்த கால்சியத்தை இத்தாலியப் பளிங்கின் கால்சியத்துடன் ஒப்பிட்டனர். விண்கல்லின் இரும்பைப் பூமியின் இரும்போடு ஒப்பிட்டனர். எதிலும் வேறுபாடு தென்படவில்லை. அந்த நம்பிக்கைக்கு உலகிலேயே மிக உறுதியான ஆதாரங்களைக் கையில் வைத்திருந்தவரிடமே அதை மறுக்கும் ஈய மாதிரிகள் வந்து சேர்ந்தன என்பது இந்த வரலாற்றின் சுவையான முரண்.

ஓர் உலோகத்தை எடை போடுவது

அணுவைத் தராசில் வைக்க முடியாது. ஓர் உலோகம் எடை தெரிந்த இன்னொரு தனிமத்துடன் எந்த விகிதத்தில் சேர்கிறது என்பதையே வேதியியலாளர் அளக்கிறார். ஈயத்துக்கு ரிச்சர்ட்ஸ் பின்பற்றிய வழி வருமாறு. பலமுறை படிகமாக்கித் தூய்மை செய்த ஈயக் குளோரைடை, உலர்ந்த ஐதரசன் குளோரைடு வளிமத்தில் வைத்து உருக்குவார்கள். உருகிய உப்பை ஈரக்காற்று படாமலேயே குப்பியில் மூடுவதற்கு ரிச்சர்ட்ஸ் தனிக் கருவி ஒன்றை வடிவமைத்திருந்தார். உப்பில் சிறிது ஈரம் ஒட்டியிருந்தாலும் அது உலோகத்தின் எடையாகக் கணக்கில் ஏறிவிடும். முந்தைய அளவீடுகள் பலவற்றைக் கெடுத்தது இந்த ஈரமே.

எடை போட்ட குளோரைடை நீரில் கரைத்து, அதற்குச் சரியாக ஈடான வெள்ளியைக் கொண்ட நைத்திரேட்டுக் கரைசலைச் சேர்ப்பார்கள். வெண்ணிற வெள்ளிக் குளோரைடு வீழ்படிவாகும். எஞ்சிய தெளிந்த நீரில் வெள்ளி மிஞ்சியிருக்கிறதா, குளோரைடு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்காக ரிச்சர்ட்ஸ் கலங்கல்மானி என்ற எளிய கருவியை உருவாக்கினார். நீரின் இரு பகுதிகளை எடுத்து, ஒன்றில் சிறிது வெள்ளி உப்பையும் மற்றதில் சிறிது குளோரைடையும் விட்டால் இரண்டும் மங்கலாகக் கலங்கும். இரு குழாய்களின் கலங்கலும் சமமானால் கணக்கு நேர். வெள்ளிக் குளோரைடு ஒளிபட்டால் சிதைந்துவிடும் என்பதால் இவ்வேலை சிவப்பு விளக்கொளியில் நடந்தது.

எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 3 கிராம் ஈயக் குளோரைடுக்கு ஏறத்தாழ 2.33 கிராம் வெள்ளி தேவை. ஈயத்தின் அணு எடை 207.2இலிருந்து 206.4 ஆகக் குறைந்தால் தேவைப்படும் வெள்ளி வெறும் 7 மில்லிகிராம் கூடும். சாதாரண ஆய்வுக்கூடத்தில் இது பிழையோடு பிழையாகப் போய்விடும். ஆர்வர்டில் அப்படிப் போகாது. அங்கிருந்த தராசுகள் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டைக் காட்டக்கூடியவை.

கதிரியக்கம் எழுப்பிய கேள்வி

யுரேனியத் தாதுக்கள் அனைத்திலும் ஈயம் காணப்படுவதை அமெரிக்கரான பெர்ட்ரம் போல்ட்வுட் 1905–1907 ஆண்டுகளில் சுட்டிக்காட்டினார். யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் நிற்கும் இடம் ஈயம் என்பது அவர் முடிவு. 1913இல் பிரெடெரிக் சோடியும் கசிமிர் ஃபாயான்சும் தனித்தனியே இடப்பெயர்ச்சி விதியை வகுத்தனர். ஓர் அணு ஆல்ஃபா துகளை உமிழ்ந்தால் அட்டவணையில் இரண்டு இடம் பின்னே செல்லும். பீட்டா துகளை உமிழ்ந்தால் ஓர் இடம் முன்னே வரும். இதன்படி கணக்கிட்டால் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் அட்டவணையின் ஒரே கட்டத்தில் வந்து அமர்கின்றன. இவற்றுக்கு ஓரிடத்தான்கள் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லை 1913 டிசம்பரில் சோடி அச்சில் ஏற்றினார். அச்சொல்லை அவருக்குப் பரிந்துரைத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர்.

கணக்கு எளிது. ஆல்ஃபா துகளின் எடை 4. யுரேனியம் (238) எட்டு ஆல்ஃபா துகள்களை இழந்தால் மிஞ்சுவது 206. தோரியம் (232) ஆறு துகள்களை இழந்தால் மிஞ்சுவது 208. இரண்டுமே ஈயத்தின் கட்டத்தில் விழுகின்றன. சாதாரண ஈயம் 207.2. ஆகவே விதி சரியென்றால், யுரேனியத் தாதுவின் ஈயம் இலேசாகவும் தோரியத் தாதுவின் ஈயம் கனமாகவும் இருக்க வேண்டும். தராசு மறுத்தால் விதியே விழுந்துவிடும்.

1914

ஃபாயான்ஸ் கார்ல்ஸ்ரூவில் இருந்த தம் மாணவர் மாக்ஸ் லெம்பர்ட்டை ஆர்வர்டுக்கு அனுப்பிவைத்தார். ரிச்சர்ட்சும் லெம்பர்ட்டும் 1914இல் வெளியிட்ட எண்கள் இவை: சாதாரண ஈயம் 207.15, வட கரோலினா யுரேனினைட்டின் ஈயம் 206.40, யோகிம்ஸ்டால் பிட்ச்பிளெண்டின் ஈயம் 206.57, கொலராடோ கார்னோடைட்டின் ஈயம் 206.59; இலங்கைத் தோரியனைட்டின் ஈயம் 206.82, இங்கிலாந்துப் பிட்ச்பிளெண்டின் ஈயம் 206.86. ஈயத்தின் புறவூதா நிறமாலையையும் பார்த்தனர். அதில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. வேதியியலில் ஒன்று, ஒளியில் ஒன்று, எடையில் மட்டும் வேறு.

வியன்னாவில் ஓட்டோ ஹோனிக்ஷ்மிட்டும் ஸ்டெஃபானி ஹோரோவிட்சும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டனர். ஹோனிக்ஷ்மிட் முன்பே ஆர்வர்டு சென்று ரிச்சர்ட்சிடம் இந்த முறையைக் கற்றவர். யோகிம்ஸ்டால் பிட்ச்பிளெண்டின் ஈயத்துக்கு அவர்கள் பெற்ற முதல் மதிப்பு 206.736. இந்தத் தாதுவில் சாதாரண ஈயமும் கலந்திருந்ததால் எண் 206க்கு அருகே வரவில்லை. ஆகவே கலப்பில்லாத தாது தேடப்பட்டது. அப்போது செருமானியக் கிழக்கு ஆப்பிரிக்காவாக இருந்த, இன்றைய தான்சானியாவின் மொரோகோரோவில் கிடைத்த படிக யுரேனினைட்டு அதற்குப் பொருந்தியது. அதன் ஈயம் 206.046. பாரிசில் மொரிஸ் கியூரியும் அதே ஆண்டில் ஒத்த முடிவை வெளியிட்டார்.

ஹோரோவிட்சின் பங்கு பெரும்பாலான பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. வார்சாவில் 1887இல் பிறந்த அவர், பல கிலோகிராம் தாதுக் கழிவில் இருந்து சில கிராம் தூய ஈயக் குளோரைடைப் பிரிக்கும் சலிப்பூட்டும் வேலையை முடித்தவர். அயோனியம் என்ற தனித் தனிமம் இல்லை, அது தோரியத்தின் ஓரிடத்தானே என்பதையும் 1916இல் ஹோனிக்ஷ்மிட்டுடன் சேர்ந்து எடை வழியே நிறுவினார். போருக்குப் பின் வேதியியலை விட்டு உளவியல் பக்கம் சென்றார். 1942இல் நாட்சிகளின் டிரெபிளிங்கா முகாமில் கொல்லப்பட்டார்.

இலங்கைத் தாதுக்கள்

இலேசான ஈயம் கிடைத்துவிட்டது. கனமான ஈயம் அத்தனை எளிதில் அகப்படவில்லை. இங்கேதான் இலங்கை வருகிறது. 1904இல் அத்தீவில் தோரியனைட்டு என்ற புதிய தாதுவை அறிவியலின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் இந்தியக் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற அவர், ஈழத் தமிழரான சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அப்போது இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார்.

தோரியனைட்டில் தோரியமே மிகுதி. அப்படியிருந்தும் அதன் ஈயம் ஆர்வர்டில் 206.82 என்றே வந்தது, கனமாக வரவில்லை. தோரியத்திலிருந்து வரும் ஈயம் நிலையானதல்ல, அதுவும் சிதைந்துவிடுகிறது போலும் என்று சிலர் ஐயுற்றதற்கு இத்தகைய முடிவுகளே காரணம். உண்மைக் காரணம் வேறு. யுரேனியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். தோரியத்தினுடையது 1,405 கோடி ஆண்டுகள். அதாவது யுரேனியம் மும்மடங்கு வேகமாக ஈயம் ஆகிறது. ஒரு தாதுவில் தோரியம் யுரேனியத்தைப் போல மூன்று பங்கு இருந்தால், இரண்டும் ஏறக்குறையச் சம அளவு ஈயத்தைத் தரும். சராசரி 207 ஆகிவிடும். முழுக்க முழுக்கக் கதிரியக்கத்தில் பிறந்த ஈயமே சாதாரண ஈயம்போல வேடம் போட்டு நிற்கும்.

ஆகவே யுரேனியம் மிகக் குறைந்த தோரியத் தாது வேண்டியிருந்தது. கிளாஸ்கோவில் இருந்த சோடி இலங்கையின் இன்னொரு தாதுவான தோரைட்டைத் தேர்ந்தார். 1914இல் ஹைமனுடன் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு கிராம் ஈயக் குளோரைடைக் கொண்டு 208.4 என்ற மதிப்பைப் பெற்றார். திசை சரி, எண் சற்று மிகை. மாதிரி சிறிதாக இருந்ததால் நம்பிக்கையும் குறைவு. பின்னர் கிலோகிராம் கணக்கில் தோரைட்டு கிடைத்தபோது சோடி வேறு வழியில் சென்றார். ஓரிடத்தான்களின் அணுக்கள் ஒரே பருமன் கொண்டவை என்றால், கனமான ஈயம் அதே விகிதத்தில் அடர்த்தி கூடியதாக இருக்க வேண்டும். தோரைட்டு ஈயத்தின் அடர்த்தி சாதாரண ஈயத்தைவிட 0.26 விழுக்காடு கூடுதல் என்று அளந்தார். அதிலிருந்து கிடைத்த அணு எடை 207.74. ஹோனிக்ஷ்மிட் வேதியியல் முறையில் இந்த ஈயத்துக்குப் பெற்ற மதிப்பு 207.77.

ரிச்சர்ட்சும் வாட்ஸ்வொர்த்தும் மறுபக்கத்தில் இதையே செய்தனர். ஆசுத்திரேலியக் கார்னோடைட்டின் ஈயம்: அணு எடை 206.34, அடர்த்தி 11.289. சாதாரண ஈயம்: 207.19, அடர்த்தி 11.337. எடையை அடர்த்தியால் வகுத்தால் இரண்டிலும் ஏறத்தாழ 18.28 வருகிறது. அணுவின் பருமன் மாறவில்லை. உள்ளே இருக்கும் பொருள் மட்டுமே மாறியிருந்தது.

ரிச்சர்ட்சுக்கு 1914ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்கான பரிசு அது. வேதியியலில் அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர். பரிசுக்குரிய அந்த ஆண்டிலேயே அணு எடை என்பது ஒரு கலவையின் சராசரிதான் என்று அவர் கையாலேயே தெளிவாகிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் சோடி, இத்தகைய அளவீடுகளை நிறைந்தும் குறைந்தும் கிடக்கும் புட்டிகளின் சராசரி எடையைக் காண்பதோடு ஒப்பிட்டு எள்ளினார். இது நியாயமான தீர்ப்பு அன்று. அந்தச் சராசரிகளை அத்தனை துல்லியமாக எடுக்கத் தெரிந்தவர்கள் இல்லாதிருந்தால் சோடியின் விதிக்குத் தராசின் சாட்சி கிடைத்திருக்காது.

தராசிலிருந்து காந்தத்துக்கு

சராசரியை அளப்பது ஒன்று. கலவையின் பகுதிகளைத் தனித்தனியே எண்ணுவது வேறொன்று. மின்னேற்றப்பட்ட அணுக்களைக் காந்தப் புலத்தில் வளைத்தால் இலேசானவை கூடுதலாகவும் கனமானவை குறைவாகவும் வளையும். இந்த அடிப்படையில் சிக்காகோவில் ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1918இலும், கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919இலும் நிறை நிறமாலைக் கருவிகளை அமைத்தனர். வளிமங்களை ஆஸ்டனின் கருவியில் எளிதில் செலுத்தலாம். உலோகங்களே சிக்கல் தந்தன. டெம்ப்ஸ்டர் உலோகத்தைச் சூடாக்கி அயனிகளைப் பெற்றார். 1920இல் மக்னீசியத்தில் 24, 25, 26 என்ற மூன்று ஓரிடத்தான்களைக் கண்டார். மக்னீசியத்தின் 24.3 என்ற பின்ன எடைக்கு விளக்கம் கிடைத்தது. ஒவ்வோர் ஓரிடத்தானும் முழு எண்ணுக்கு மிக அருகில் இருந்ததால், புரௌட் நூறாண்டுகளுக்குப் பின் ஓரளவு மீட்கப்பட்டார் எனலாம்.

ஈயம் ஆஸ்டனுக்கு 1927 வரை வசப்படவில்லை. எளிதில் ஆவியாகும் டெட்ராமெத்தில் ஈயத்தைப் பயன்படுத்தியபோதுதான் 206, 207, 208 ஆகிய கோடுகள் ஒளிப்படத் தகட்டில் விழுந்தன. 1929இல் நார்வேயின் புரோகரைட்டு தாதுவில் இருந்து எடுத்த ஈயத்தை ஆஸ்டன் ஆராய்ந்தார். அதில் 206 என்பது 86.8 விழுக்காடு, 207 என்பது 9.3, 208 என்பது 3.9. அந்த 207 எங்கிருந்து வந்தது? யுரேனியம் 238இல் இருந்தோ தோரியத்தில் இருந்தோ வர முடியாது; நான்கு நான்காகக் குறைத்தால் அந்த எண் வராது. எனவே யுரேனியத்துக்கே இன்னோர் ஓரிடத்தான் இருக்க வேண்டும் என்று ரதர்போர்டு கருதினார். 1935இல் டெம்ப்ஸ்டர் யுரேனியம்-235ஐ நேரில் கண்டார்.

நியரின் கண்டுபிடிப்பு

தாதுக்களின் ஈயம் மாறினாலும், சாதாரண ஈயம் எங்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் எஞ்சியிருந்தது. ஆர்வர்டில் கிரெகரி பாக்ஸ்டர் பல நாடுகளின் ஈயத்தை அளந்து, எல்லாம் 207.2 என்றே கண்டிருந்தார். இளம் இயற்பியலாளர் ஆல்பிரெட் நியர் பாக்ஸ்டரிடமிருந்து அந்த மாதிரிகளையே வாங்கித் தம் நிறை நிறமாலைமானியில் இட்டார். 1938இல் வெளிவந்த முடிவு எதிர்பாராதது. அவற்றின் ஓரிடத்தான் விகிதங்கள் பெரிதும் வேறுபட்டன.

ஈயம்-204 கதிரியக்கத்தில் பிறப்பதில்லை. அதை அளவுகோலாகக் கொள்ளலாம். ஆசுத்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயத்தில் ஓர் ஈயம்-204 அணுவுக்கு ஏறத்தாழ 16 ஈயம்-206 அணுக்கள் உள்ளன. அமெரிக்காவின் ஜோப்ளின் ஈயத்தில் அது ஏறத்தாழ 22. இவ்வளவு வேறுபட்டும் அணு எடை ஏன் மாறவில்லை? தாதுவின் பிறப்பிடத்தில் யுரேனியமும் தோரியமும் சேர்ந்தே இருந்ததால், 206 கூடியபோது 208உம் கூடியது. ஒன்று சராசரியைக் கீழே இழுக்க, மற்றது மேலே தள்ளியது. கணக்குப் போட்டால் புரோக்கன் ஹில் 207.22, ஜோப்ளின் 207.18 என்ற அளவில் வருகின்றன. தராசுக்கு இரண்டும் ஒன்றே. பாக்ஸ்டரின் அளவீட்டில் தவறில்லை. சராசரி என்ற எண்ணுக்குள் அந்தச் செய்தி மறைந்துகிடந்தது.

இந்த விகிதங்களே பின்னர் பூமியின் வயதைக் கணிக்க உதவின. விண்கற்களின் ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956இல் வெளியிட்ட 455 கோடி ஆண்டுகள் என்ற மதிப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

அளவீட்டைத் திருத்துதல்

நிறை நிறமாலைமானியிலும் ஒரு குறை உண்டு. சூடான இழையில் வைத்த உலோகத்தில் இலேசான ஓரிடத்தான் சற்று முந்தி ஆவியாகிறது. ஆகவே கருவி காட்டும் விகிதமும் மாதிரியின் உண்மை விகிதமும் ஒன்றல்ல. இதைச் சரிசெய்ய, ஏறத்தாழத் தூய்மையான இரு ஓரிடத்தான்களைத் தனித்தனியே எடை போட்டு, தெரிந்த விகிதத்தில் கலந்து, அதைக் கருவியில் இட்டுப் பிழையைக் கண்டறிவார்கள். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் 1968இல் ஈயத்துக்கு இவ்வாறு செய்யப்பட்டது. அங்கே உருவான ஒப்பீட்டு ஈயத்தில் 204 என்பது 1.4255 விழுக்காடு, 206 என்பது 24.1442, 207 என்பது 22.0833, 208 என்பது 52.3470. உலகெங்கும் ஈய ஓரிடத்தான் ஆய்வுகள் இன்றும் இந்தக் கம்பித் துண்டுகளோடு ஒப்பிடப்படுகின்றன. எடை போடுவது ஒழிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்கலாம். அது திருத்தக் கலவையைத் தயாரிக்கும் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது.

அளவுகோலும் இடையில் மாறியது. 1929இல் ஆக்சிசனுக்கே ஓரிடத்தான்கள் இருப்பது தெரிந்தபின், வேதியியலாளர்கள் இயற்கை ஆக்சிசனை 16 என்றும், இயற்பியலாளர்கள் ஆக்சிசன்-16ஐ மட்டும் 16 என்றும் வைத்து இரு அட்டவணைகளைப் பயன்படுத்தினர். 1961இல் கார்பன்-12 பொது அளவுகோலாக ஏற்கப்பட்டதும் இக்குழப்பம் தீர்ந்தது.

எண்ணிலிருந்து வீச்சுக்கு

தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2009 முதல் சில தனிமங்களின் அணு எடையை ஒற்றை எண்ணாகத் தராமல் வீச்சாகத் தருகிறது. உலோகங்களில் லித்தியம் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. அதன் வீச்சு 6.938 முதல் 6.997 வரை. லித்தியத்துக்கு மனிதர் செய்த மாற்றமும் உண்டு. அணு ஆயுதத் தேவைக்காக லித்தியம்-6 பிரித்தெடுக்கப்பட்டு, மிச்சம் கடைகளில் வேதிப்பொருளாக விற்பனைக்கு வந்ததால், புட்டிக்குப் புட்டி எடை வேறுபட்டது.

ஈயத்தின் முறை சற்றுப் பிந்தியே வந்தது. 2020களின் தொடக்கத்தில் 206.14 முதல் 207.94 வரை என்ற வீச்சு அதற்கு வழங்கப்பட்டது. அன்றாடக் கணக்குக்கு 207.2 என்ற எண் இன்னும் தரப்படுகிறது. ரிச்சர்ட்சும் லெம்பர்ட்டும் 1914இல் வெளியிட்ட ஆறு எண்களும் இந்த வீச்சுக்குள் அடங்குகின்றன. இலங்கைத் தோரைட்டின் 207.77உம் அடங்குகிறது. ஹோனிக்ஷ்மிட்டும் ஹோரோவிட்சும் அளந்த மொரோகோரோ ஈயம், 206.046, அதற்கும் வெளியே நிற்கிறது.